உருப்படி இலக்கம் 214

1973 பெப்ரவரி 11 – ரூபா 750
1979 டிசெம்பர் 23 – ரூபா 6,000
1986 ஒக்டோபர் 19 – ரூபா 18,000
1994 செப்டெம்பர் 4 – ரூபா 75,000
2007 ஜனவரி 28 – ரூபா 400,000
2016 ஓகஸ்ட் 14 – ரூபா 1,500,000
2023 ஓகஸ்ட் 12 – ரூபா 4,500,000

முதலாவது, கன்னையா ஒரு கிட்டாரை வாங்கிய விலை. மற்ற ஆறும் அந்தக் கிட்டாரை விற்கச் சொல்லி மற்றவர்கள் அவனிடம் கேட்ட விலை. ஆறு தடவையும் அவன் இல்லை என்றான். ஏழு தொகையும் அந்தந்த நாளிலேயே என் குறிப்புப் புத்தகங்களில் எழுதப்பட்டவை. ஞாபகத்திலிருந்து எழுதியது ஒன்றுமில்லை.

யட்டியாந்தோட்டைக்கு மேலே நான்கரை மைலில் இருக்கிறது தெலிகொல்லைத் தோட்டம். றப்பர் தோட்டம். அங்கே நான் 1968 முதல் 2003 வரை வேலை பார்த்தேன்; கடைசிப் பத்தொன்பது வருடம் பெரிய கிளாக்கர். கன்னையா புகைக்கூடத்தில் வேலை செய்தவன். என்னைவிட எட்டு வயது இளையவன். ஷீட் றப்பரை மூங்கிலில் தொங்கவிட்டு, அடியில் நெருப்புப் போட்டு, நான்கு நாள் புகை காட்டி இறக்குவது அவன் வேலை. முப்பத்தெட்டு வருடம் அதைச் செய்தான். அவனுடைய சட்டையை எத்தனை தடவை தோய்த்தாலும் புகைவாசம் போகாது என்று அவன் மனைவி சின்னம்மா சொல்வாள்.

அந்தக் கிட்டார் முதலில் ஜான்ஸ் துரையுடையது. அவர் பறங்கியர், எங்கள் சின்னத்துரை, அதாவது உதவி மேலாளர். கப்பலில் வேலை பார்த்த அவருடைய அண்ணன் அமெரிக்கத் துறைமுகம் ஒன்றில் வாங்கிக் கொண்டுவந்து கொடுத்தது. ஃபெண்டர் கம்பனியின் ஸ்ட்ராட்டோகாஸ்டர், 1964இல் செய்தது. நடுவில் தேன்நிறம், ஓரத்துக்குப் போகப் போகச் சிவந்து கறுத்துப்போகும் வர்ணம். பின்பக்கம் கழுத்தைப் பூட்டிய தகட்டில் L என்ற எழுத்தும் ஐந்து இலக்கங்களும் இருந்தன. 1965இல் அந்தக் கம்பனி கைமாறியது என்பதும், அதற்கு முன் செய்தவற்றைத்தான் உலகம் தேடித் திரிகிறது என்பதும் எங்களுக்குப் பிற்காலத்தில், விலை கேட்க வந்தவர்கள் சொல்லித்தான் தெரியும். கன்னையா வாங்கியது பெயருக்காக இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் ஜான்ஸ் துரை பங்களாவில் புல் வெட்டப் போனவன் ஜன்னல் வழியாக அந்தச் சத்தத்தைக் கேட்டுவிட்டான். வெறும் றப்பர்ப்பால் வாளியை நகத்தால் சுண்டினால் ஒரு கணீர் வருமே, அதைப் பிடித்து நீளமாக இழுத்ததுபோல் இருந்தது என்று என்னிடம் சொன்னான்.

ஜான்ஸ் துரை ஆஸ்திரேலியாவுக்குக் குடிபோனபோது அதை அவனுக்கு விற்றார். இரண்டு வருடம் போட்ட சீட்டுப் பணமும் ஒரு கறவை மாடும் அதற்குள் போயின. பற்றுச்சீட்டை நான்தான் எழுதினேன். இலக்கத்தையும் அதில் குறித்தேன். முத்திரை ஒட்டி, அதன் மேல் துரை கையெழுத்துப் போட்டார்.

வெளிநாட்டுச் சாமான் வராத காலம் அது. தந்தி அறுந்தால் சைக்கிள் பிரேக் கேபிளைப் பிரித்து ஓர் இழை எடுத்துப் போடுவான். அந்தக் கிட்டாரில் ஒரு சுவிட்ச் மூன்று இடத்தில் நிற்கும். முதல் இடத்துக்கும் இரண்டாம் இடத்துக்கும் நடுவில் தீக்குச்சியைச் செருகி நிறுத்தினால் வரும் சத்தம்தான் அவனுக்கு வேண்டியது. யாரும் சொல்லித் தரவில்லை. தோட்டத்துத் தச்சனிடம் பெட்டி செய்வித்து, அதற்குள் எங்கள் தொழிற்சாலையின் முதல்தர வெள்ளைக் கிரேப் றப்பரை மெத்தைபோல ஒட்டினான். சிங்கப்பூருக்குப் போகும் சரக்கு. பிள்ளைக்குத் தொட்டில் கட்டியவன்கூட அவ்வளவு பார்த்துச் செய்திருக்க மாட்டான்.

யட்டியாந்தோட்டையில் லயனல் என்பவரின் பைலாப் பாட்டு இசைக்குழு ஒன்று இருந்தது. கன்னையா அதில் லீட் கிட்டார். கலியாணம், தேர்தல் வெற்றி, பாடசாலைக் கார்னிவல் என்று கேகாலையிலிருந்து பெல்மதுளை வரை போனார்கள். போஸ்டரில் பாடகர்களின் பெயர்கள் பெரிதாக இருக்கும். அதற்குக் கீழே, “ஒரிஜினல் ஃபெண்டர் லீட் கிட்டாருடன்” என்று சிங்களத்தில் போட்டிருக்கும். வாசிப்பவன் பெயர் இருக்காது. 1977 இனக்கலவரத்துக்குப் பிறகு தமிழ்ப் பெயர் போட்டால் கூட்டம் குழம்பும் என்றார் லயனல். அவர் கெட்டவர் இல்லை. போஸ்டரை அச்சடித்தவுடன் எனக்கும் ஒன்று கொடுத்து அனுப்புவார். பதினொரு போஸ்டர் என்னிடம் இருக்கிறது. பதினொன்றிலும் கிட்டாரின் பெயர் இருக்கிறது.

1983 ஜூலை 27, புதன்கிழமை, பிற்பகல் மூன்றரைக்கும் நாலுக்கும் இடையில் கலவரக்காரர்கள் தொழிலாளர் வீட்டு வரிசையான கீழ் லயத்தைக் கொளுத்தினார்கள். கன்னையா புகைக்கூடத்திலிருந்து ஓடினான். சின்னம்மா ஏழு வயது மகள் விஜயகலாவை இழுத்துக்கொண்டு றப்பர் மரங்களுக்குள் இறங்கிவிட்டாள். அவர்களுடைய ஒற்றையறைக் காம்பராவுக்குள் இரண்டு பெட்டி இருந்தன. ஒன்று தகரப் பெட்டி. பிறப்புச் சான்றிதழ்கள், கலியாணப் பதிவு, குடியுரிமைக்கு எழுதிப்போட்ட விண்ணப்பத்தின் துண்டு, ஜான்ஸ் துரையின் பற்றுச்சீட்டு எல்லாம் அதில். மற்றது கிட்டார்ப் பெட்டி. அவனால் ஒன்றைத்தான் தூக்க முடிந்தது. தூக்கிப்போய், நெருப்பணைந்திருந்த மூன்றாம் புகை அறையில், ஷீட்டுகளுக்குப் பின்னால் ஒளித்தான்.

இதை வைத்துச் சின்னம்மா நாற்பது வருடம் பேசினாள். நல்லது கெட்டது எதுவானாலும், யார் வீட்டுக்கு வந்தாலும் பேசுவாள்.

“வீடு எரியுதுன்னா மனுசன் எதத் தூக்குவான் கிளாக்கரையா? இந்த மனுசனும் பொட்டியத்தான் தூக்கினாரு. என்னா, தப்பான பொட்டி.”

“நீ ஒன்னையத் தூக்கலன்னு சொல்லுற,” என்பான் கன்னையா.

“என்னையத் தூக்க வேணாங்க. என் பேரு எழுதுன கடுதாசியத் தூக்கியிருக்கலாமில்ல?”

தோட்டத்துத் தமிழர் பலருக்கு அப்போது எந்த நாட்டுக் குடியுரிமையும் இல்லை; அந்தத் துண்டு இல்லாமல் அவனுடைய குடியுரிமை 2004 வரை வரவில்லை. 1986இல் லயனலின் குழுவுக்கு ஓமானில் நான்கு இசைநிகழ்ச்சிக்கு அழைப்பு வந்தது. கன்னையாவுக்குக் கடவுச்சீட்டு எடுக்க வழியில்லை. லயனல் லயத்துக்கே வந்து, வாங்குப் பலகையில் உட்கார்ந்து, தேத்தண்ணீர் குடித்துவிட்டுச் சொன்னார்:

“கன்னையா, நீ வராட்டிப் பரவாயில்ல. அவங்க ஃபெண்டர் வருதான்னுதான் கேட்டாங்க. பதினெட்டாயிரம் தாறேன்.”

கன்னையா தரவில்லை. குழு வேறொரு கிட்டாரோடும் வேறொருவனோடும் போனது. திரும்பி வந்தபின் அவனைக் கூப்பிடுவது குறைந்தது. 1993இல் நின்றது.

இனி என் பங்கு. இதைச் சுருக்க எனக்கு உரிமையில்லை.

பற்றுச்சீட்டு எரிந்தபின் சோதனைச் சாவடிகளில் தொல்லை தொடங்கியது. அவிசாவளை ரோட்டில் பெட்டியைத் திறக்கச் சொல்வார்கள்.

“மேக்க காகேத?” யாருடையது என்று கேட்பார்கள்.

“மகே சேர்.” என்னுடையது.

“பில கோ?”

பில் இல்லை. லயத்தில் இருக்கும் தமிழன் கையில் அமெரிக்கக் கிட்டார். இரண்டு தடவை அவனை இறக்கி, ஒரு பகல் முழுக்க உட்கார வைத்தார்கள். இரண்டாம் தடவை கன்னத்தில் விரல் அடையாளத்தோடு வந்தான். அதற்குப் பிறகு நான் ஒரு வழி செய்தேன். தோட்டத்துக்குச் சொந்தமான எந்தச் சாமான் வாசலைத் தாண்டினாலும் கேட் பாஸ் எழுதவேண்டும். எடைத்தராசு பழுதுபார்க்கப் போனாலும் பாஸ், கதிரை மேசை கடன் போனாலும் பாஸ். 1984 மே மாதம் முதல் கன்னையா கச்சேரிக்குப் போகும்போதெல்லாம் நான் பாஸ் எழுதினேன்: “உத்தியோகத்தர் கழகத்தின் மின்சாரக் கிட்டார், ஒன்று. கொண்டுசெல்பவர் கன்னையா.” இலக்கமும் எழுதி, றப்பர் முத்திரை குத்தினேன். முத்திரையைக் கண்டதும் சிப்பாய்கள் பெட்டியைத் திறக்கக்கூட இல்லை. தோட்டத்துச் சாமான் என்றால் அதற்குப் பின்னால் ஒரு துரை இருக்கிறார் என்று அர்த்தம். கன்னையாவுக்குப் பின்னால் யாரும் இல்லை.

கிட்டார் திரும்பி வந்ததும் “உள்ளே வந்தது” என்று எழுதி நேரத்தையும் குறிப்பேன். பொய்தான். ஆனாலும் ஒழுங்காக எழுதினேன்.

1992இல் அரசாங்கத் தோட்டங்களைத் தனியார் கம்பனிகளிடம் ஒப்படைத்தார்கள். அதற்கு முன் எல்லாவற்றையும் எண்ண வந்தார்கள். தட்டச்சுப் பொறி, மண்வெட்டி, சுவர்க் கடிகாரம், பங்களாவின் தேக்கரண்டி வரைக்கும் எண்ணினார்கள். கொழும்பிலிருந்து வந்த கணக்காய்வாளர் கேட் பாஸ் புத்தகத்தையும் புரட்டினார்.

“இந்தக் கிட்டார் நூற்று முப்பத்தேழு தடவை வெளியே போயிருக்கிறது, நூற்று முப்பத்தேழு தடவை உள்ளே வந்திருக்கிறது. சொத்துப் பட்டியலில் எங்கே?”

இரண்டு வழி இருந்தது. எட்டு வருடம் பொய் எழுதினேன் என்று ஒப்புக்கொள்வது ஒன்று. அப்படிச் செய்தால் என் வேலை போகும். பற்றுச்சீட்டு இல்லாத கன்னையா கிட்டாரைக் களவெடுத்தவன் ஆவான். மற்றது பட்டியலில் ஏற்றுவது. நான் ஏற்றினேன். உருப்படி இலக்கம் 214. பொறுப்பாளர் என்ற இடத்தில் அவன் கையெழுத்து வேண்டியிருந்தது. படிவம் ஆங்கிலத்தில் இருந்தது. அவன் வாசிக்கக் கேட்கவில்லை.

“எங்க போடணும், கிளாக்கரையா?”

“இங்கே. புத்தகத்துல ஏறிட்டா இனி ஒருத்தரும் தொட முடியாது, கன்னையா.”

அதை நானும் நம்பினேன். நான் பார்த்தவரையில் எரிந்ததெல்லாம் வெளியே இருந்தது; ஆபீஸ் அலுமாரிக்குள் இருந்தது ஒன்றும் எரியவில்லை.

அதன்பின் முப்பது வருடம் ஒருவரும் 214ஐப் பற்றிக் கேட்கவில்லை. கிட்டார் அவன் காம்பராவிலேயே இருந்தது. விலை மட்டும் ஏறிக்கொண்டு போனது. 1994இல் பெல்மதுளையிலிருந்து ஒரு மாணிக்க வியாபாரி மகனுக்காகக் கேட்டு வந்தார், எழுபத்தையாயிரம். அடுத்த வருடம் விஜயகலா வீட்டு வேலைக்குக் குவைத்துக்குப் போனாள். ஏஜன்சிக்குக் கட்டச் சின்னம்மா தாலிக்கொடியை அடகு வைத்தாள். விமான நிலையத்துக்கு வான் வந்த அன்று விஜயகலா கிட்டார்ப் பெட்டியை மட்டும் பார்த்துவிட்டு ஏறினாள். அவள் போன கிழமை முழுவதும் அவன் கிட்டாரை எடுக்கவில்லை. எட்டாம் நாள் எடுத்தான்.

2016இல் கொழும்பிலிருந்து வந்த வியாபாரி விஷயம் தெரிந்தவர். யட்டியாந்தோட்டைக் கடைவீதியில் நுஹ்மானின் றேடியோக் கடையில் வைத்துப் பார்த்தார். நுஹ்மான்தான் நாற்பது வருடமாகக் கன்னையாவின் அம்ப்ளிஃபயரை உயிரோடு வைத்திருந்தவர். வியாபாரி திருகாணிகளைக் கழற்றி, கழுத்தின் அடியில் குத்தியிருந்த தேதியைப் பார்த்து, பெருமூச்சுவிட்டார். பிறகு மற்றப் பக்கம் திருப்பினார். முதுகு முழுவதும் வர்ணம் இளகி, சுருங்கி, கிரேப் றப்பரின் வரி அப்படியே பதிந்திருந்தது.

“இதை யார் றப்பரில் வைத்தது? இந்த வார்னிஷ் றப்பரில் பட்டால் உருகும். ஐயோ, இது மட்டும் இல்லாவிட்டால் இருபத்தைந்து கொடுப்பேன். இப்போது பதினைந்து.”

“என்னா கன்னையா, பதினஞ்சு லெட்சம்!” என்றார் நுஹ்மான். “எங்கட வாப்பா விட்டுட்டுப் போன இந்தக் கடையே அவ்வளவு பெறாது.”

“அப்ப நீங்க கடைய வித்துடுங்க நானா.”

“ஒனக்கு மூளை கலங்கிப் போச்சுது.”

“றப்பரு நமக்கு நல்லதுதான் செஞ்சிருக்கு நானா. பத்து லெட்சம் கொறச்சிருச்சி. இன்னும் கொஞ்ச நா வச்சா ஒருத்தனும் கேக்க மாட்டான்.”

எல்லோரும் சிரித்தார்கள். அன்று சிரித்ததை நான் குறித்து வைத்திருக்கிறேன். அதற்குப் பிறகு அந்தக் கிட்டார் சம்பந்தமாகச் சிரிக்க ஒன்றும் நடக்கவில்லை.

பெரிய துரை பங்களாவைக் கம்பனி 2018இல் விருந்தினர் விடுதியாக்கியது. கித்துல்கலைக்கு ஆற்றில் றப்பர்ப் படகு விட வரும் வெள்ளைக்காரர்கள் அங்கே தங்குவார்கள். 2023 பெப்ரவரியில் அதன் மேனேஜர், இருபத்தெட்டு வயதுச் சிங்களப் பொடியன், மரியாதையான பிள்ளை, கன்னையாவைச் சனிக்கிழமை மாலைகளில் வாசிக்கக் கூப்பிட்டான். கன்னையாவுக்கு எழுபத்திரண்டு வயது. முப்பது வருடத்தில் முதல்முறையாக ஆட்கள் முன்னால் வாசிக்கப்போகிறான். சவரம் செய்துகொண்டு, ஐந்தே முக்காலுக்கெல்லாம் போய்ப் படியில் உட்கார்ந்திருப்பான்.

நானும் இரண்டு தடவை போனேன். அவன் வாசித்தான், அவர்கள் சாப்பிட்டார்கள். வாசித்து முடிந்ததும் எழுந்து வந்து கிட்டாரைச் சூழ்ந்துகொண்டார்கள். கழுத்தின் தலைப்பக்கம் இருந்த கம்பனி எழுத்தைத் தடவிப் பார்த்தார்கள். வாங்கிக் கழுத்தில் மாட்டிக்கொண்டு படம் எடுத்தார்கள். படம் எடுக்கும்போது கன்னையா ஓரமாக நகர்ந்துகொள்ள வேண்டும். ஓகஸ்ட் 12ஆம் தேதி பல்வைத்தியரான ஒரு விருந்தினர் இலக்கம் கேட்டார், வருடம் கேட்டார், தீக்குச்சி ஏன் என்று கேட்டார். பிறகு பதினாலாயிரம் டொலர் என்றார். மேனேஜர் பக்கத்தில் நின்று அதை ரூபாவாக்கினான்: நாற்பத்தைந்து லட்சம்.

“நோ சேர்,” என்றான் கன்னையா.

அவருக்குக் கோபமில்லை. கைகொடுத்துவிட்டுப் போனார். கிட்டார் யாருடையது என்ற கேள்வி அன்றிரவு மேனேஜர் கம்பனிக்கு எழுதிய மின்னஞ்சலில்தான் முதலில் வந்தது. நாற்பத்தைந்து லட்சம் பெறுமதியான ஒரு பொருள் தோட்டத்து லயத்தில் இருந்தால் கம்பனி பட்டியலைப் பார்க்காமல் விடுமா?

அடுத்த சனிக்கிழமை மழை. வாசித்து முடிந்ததும் மேனேஜர் சொன்னான்: “அங்கிள், இந்த மழையில கொண்டுபோக வேணாம். இங்க இருக்கட்டும்.” கன்னையா வைத்துவிட்டு வந்தான். அதற்கடுத்த சனிக்கிழமை, 26ஆம் தேதி, போனபோது அது மண்டபத்தில் கண்ணாடி அலுமாரிக்குள் இருந்தது. மேலே சிறிய மின்விளக்கு. பூட்டு.

28ஆம் தேதி திங்கட்கிழமை என்னையும் கூட்டிக்கொண்டு தோட்டத்து ஆபீசுக்குப் போனான். இப்போதைய துரை இளைஞர். எங்களை உட்காரச் சொல்லிவிட்டு, அலுமாரியிலிருந்து பழைய சொத்துப் புத்தகத்தை எடுத்து விரித்தார். முப்பத்தொரு வருடத்தில் மை மங்கவே இல்லை.

“இது உங்கள் எழுத்துத்தானே, ஐயா?”

“என்னுடையதுதான்.”

“கீழே?”

“என் கையெழுத்துங்க,” என்றான் கன்னையா. “கிளாக்கரையா போடச் சொன்னாரு, போட்டேன்.”

நடந்ததைச் சொன்னேன். சாவடி, கேட் பாஸ், கணக்காய்வாளர், எல்லாவற்றையும் தேதியோடு சொன்னேன். துரை பொறுமையாகக் கேட்டார். பிறகு, எழுத்தில் தாருங்கள், தலைமை அலுவலகத்துக்கு அனுப்புகிறேன் என்றார்.

இறங்கி வரும்போது ஸ்டோர் வளைவில் கன்னையா சொன்னான்:

“புத்தகத்துல ஏறிட்டா ஒருத்தரும் தொட முடியாதுன்னீங்களே.”

“சொன்னேன்.”

“சரியாத்தான் சொல்லியிருக்கீங்க. இப்ப நானும் தொட முடியல.”

கம்பனிக்கு நான் ஐந்து கடிதம் எழுதினேன். தொழிற்சங்கத் தலைவரிடம் போனோம். “நாள் பேருச்சம்பளம்னா சொல்லுங்க, லயத்துக் கூரைன்னா சொல்லுங்க. கிட்டாருக்கு நான் எந்த மந்திரிகிட்டப் போறது?” என்றார். அவிசாவளையில் ஒரு சட்டத்தரணி, புத்தகத்தை உடைக்க இரண்டு பேரால்தான் முடியும் என்றார்: விற்றவர், இல்லையென்றால் எழுதியவர். ஜான்ஸ் துரை 1999இல் மெல்போர்னில் இறந்துபோனார். மிஞ்சியது நான்.

நவம்பர் 14ஆம் தேதி சமாதான நீதவான் முன்னிலையில் சத்தியக் கடதாசி முடித்தேன். 1984 முதல் 1992 வரை நூற்று முப்பத்தேழு கேட் பாஸ்களிலும், சொத்துப் பட்டியலின் 214ஆம் வரியிலும், தெரிந்துகொண்டே பொய் எழுதினேன் என்று ஒப்புக்கொண்டேன். நீதவான் ஓய்வுபெற்ற ஆசிரியர், என்னை நாற்பது வருடமாகத் தெரிந்தவர். வாசித்துவிட்டு, “யோசிச்சுத்தான் போடுறீங்களா?” என்று கேட்டார். போட்டேன்.

ஜனவரி 9ஆம் தேதி பதில் வந்தது. 1992ஆம் ஆண்டின் கணக்காய்வு அறிக்கை தெலிகொல்லைத் தோட்டத்துப் பதிவேடுகளின் துல்லியத்தைச் சிறப்பாகப் பாராட்டியிருப்பதாகவும், அத்தகைய பதிவேடுகளை எழுதிய ஒருவர் எண்பது வயதில், நண்பருக்காக, அவற்றுக்கு மாறாகக் கூறுவதைக் கம்பனி ஏற்க இயலாது எனவும் எழுதியிருந்தார்கள். என் வேலைக்காலத்தில் என்னை யாரும் எழுத்தில் பாராட்டியதில்லை. அதுதான் முதல் தடவை.

வழக்குப் போட்டால் ஏழெட்டு வருடம் என்றார் சட்டத்தரணி. கன்னையா தன் விரல்களை என்னிடம் நீட்டினான். இடது கை விரல் நுனிகள் எப்போதும் தோல்போலக் காய்த்திருக்கும். “தொட்டுப் பாருங்க, பஞ்சாப் போச்சி. இன்னும் ஆறு மாசம் போனா அதத் தந்தாலும் அமுத்த முடியாது.”

பிறகு, தான் சொல்வதை அப்படியே எழுதச் சொன்னான்.

“அது அவுங்களதாவே இருக்கட்டும். பேரும் வேணாம், ஒண்ணும் வேணாம். கெழமையில ஒரு நா வாசிக்க விடச் சொல்லி எழுதுங்க.”

முடியாது என்றேன். அப்படி எழுதினால் எல்லாவற்றையும் விட்டுக்கொடுத்ததாகும் என்று விளங்கப்படுத்தினேன். இரண்டாம் தடவை வந்தான், அப்போதும் மறுத்தேன். மூன்றாம் தடவை நுஹ்மானைக் கொண்டு எழுதுவிப்பேன் என்றான். நுஹ்மானின் எழுத்துப் பிழைகளோடு அது போகவேண்டாம் என்று நானே எழுதினேன். பெப்ரவரி 26, பதிவுத் தபால்.

பதில் வந்த அன்று அதைக் கொண்டுபோய் அவன் வீட்டில் வாசித்தேன். மேற்படி உருப்படி கம்பனியின் சொத்து என்பதைத் திரு. கன்னையா ஏற்றுக்கொண்டதைக் கம்பனி வரவேற்கிறது. நல்லெண்ண அடிப்படையில் சனிக்கிழமைகளில் ஆறரை முதல் எட்டு மணி வரை அவர் அதை வாசிக்கலாம். மண்டபத்துக்கு வெளியே கொண்டுபோகக் கூடாது. விருந்தினர் கேட்டால் அவர்கள் கையில் கொடுக்கவேண்டும். பழைய பங்களா வேலைக்காரரின் உடை, அதாவது வெள்ளைச் சாரம், வெள்ளைக் கோட்டு, சிவப்பு இடைப்பட்டி, விடுதியால் வழங்கப்படும். அதை அணிந்தே வாசிக்கவேண்டும்.

சின்னம்மா அடுப்படியிலிருந்து வந்து நின்றாள். “வேலக்காரன் கோட்டா? சொந்தக் கிட்டார வாசிக்க? கடுதாசியக் கிழிச்சிப் போடுங்க கிளாக்கரையா!” ஐம்பது வருடத்தில் அவள் அதைச் ‘சொந்தக் கிட்டார்’ என்று சொன்னது அன்றுதான்.

நான் கிழிக்கவில்லை. நான் காகிதம் கிழிப்பதில்லை.

கன்னையா கடிதத்தைக் கையில் வாங்கினான். அவனுக்கு ஆங்கிலம் தெரியாது. ஆனாலும் முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை பார்த்தான்.

“தந்தி மாத்தியிருப்பாங்களா, கிளாக்கரையா?”

“அதைப் பற்றி ஒன்றும் எழுதவில்லை.”

“மாத்தியிருக்க மாட்டாங்க. துருப்பிடிச்சிருக்கும்.” கடிதத்தைத் திருப்பிப் பார்த்து, “எந்தச் சனிக்கெழமையில இருந்துன்னு போட்டிருக்கா?”

“வாற சனிக்கிழமை, இருபத்து மூன்றாம் தேதி.”

“நாலு நா இருக்கு,” என்று சொல்லி, இடது கை விரல்களை வாங்கின் விளிம்பில் வைத்து அழுத்தத் தொடங்கினான். சின்னம்மா உள்ளே போய்விட்டாள். நான் கடிதத்தை வாங்கி மடித்து, மேல் மூலையில், என் வழக்கப்படி, வந்த தேதியைக் குறித்தேன்: 2024 மார்ச் 19, செவ்வாய்க்கிழமை.